வெளுத்த அலமாரி

அத்தியாயம் 9

செத்துப்போன மனைவியின் குளியலறையைப் புருஷன் பூட்டு போட்டு வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்தே ரேடியோவுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

ரேடியோ என்பது அவனுடைய சொந்தப் பெயர் அல்ல. பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில், வண்டி கிளம்பியதிலிருந்து கடைசி ஸ்டாப் வரை வாய் மூடாமல் பேசுகிறான் என்று பயணிகள் வைத்த பட்டம். பஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். பட்டம் மட்டும் கூடவே இறங்கி வந்துவிட்டது. இப்போது வக்கீலம்மாவின் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் டிரைவர், அவன்தான் கிளார்க், ஆள் விசாரிக்கப் போகிறவனும் அவன்தான். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. கறுப்புக் கோட்டு அலுவலக ஆணியில் தொங்குகிறது. மழை பெய்தால் ரேடியோ அதைத் தலையில் போட்டுக்கொண்டு டீ வாங்கப் போவான்.

முந்தின நாள் காலையில்தான் அந்த அக்காக்காரி அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

கதை சின்னதுதான். அவளுடைய தங்கை குளியலறையில் செத்துக் கிடந்தாள். குழாய் திறந்தபடி இருந்தது, அறை முழுக்கத் தண்ணீர். வழுக்கி விழுந்திருக்கிறாள், வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் அலமாரியின் மூலையில் பின்மண்டை அடிபட்டிருக்கிறது என்று எழுதி போலீஸ் கேஸை மூடிவிட்டது. சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய புருஷன்தான் முதலில் பார்த்தவர்.

"அவ விழல மேடம். அவன்தான் தள்ளியிருக்கான்" என்றாள் அக்காக்காரி.

"எப்படிச் சொல்றீங்க?"

"துக்கத்துக்குப் போன எங்க யாரையும் அவன் அந்த பாத்ரூமுக்குள்ள விடல. பூட்டி வெச்சுட்டு, பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னான். இப்போ உள்ள இருக்கிற அலமாரியெல்லாம் பேத்து எடுக்கப் போறானாம். மடியில கனம் இல்லாதவன் எதுக்குப் பேக்கணும்? அந்த அலமாரியை மட்டும் பாருங்க மேடம், போதும்."

வக்கீலம்மா தலையசைத்தார். அவள் கிளம்பவில்லை.

"என் பொண்ணு அந்த வீட்லதான் இருக்கா. தங்கச்சிக்குக் குழந்தை இல்ல. கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு அனுப்பினேன். இப்போ திருப்பிக் கேட்டா தர மாட்டேங்கிறான். ஒரு கொலைகாரன் வீட்ல என் பொண்ணை விட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

அந்தக் கேள்வியில் ரேடியோ உருகிப்போனான். அவளுடைய போன் நம்பரை வாங்கப் பேனாவை நீட்டினான். எழுதும்போது அவள் முகம் சுளித்தது. வலது கையில் மூன்று விரல்களுக்கு பிளாஸ்திரி.

"கையில என்னம்மா?"

"காய் நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு."

"மூணு விரல்லயுமா? நீங்க காயை நறுக்கினீங்களா, காய் உங்களை நறுக்குச்சா?"

அவள் சிரிக்கவில்லை. ரேடியோ தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

*

புருஷன்காரர் குளியலறைச் சாமான்கள் விற்கும் ஷோரூமில் வேலை பார்ப்பவர். கதவைத் திறந்தபோது ஷோரூம் சட்டையைத்தான் போட்டிருந்தார். இஸ்திரி பார்த்துப் பல நாள் ஆன சட்டை. வக்கீலம்மா தான் யார் என்பதைச் சொன்னதும் கதவைப் பாதி சாத்தினார்.

"போலீஸ்ல எல்லாம் சொல்லியாச்சு."

"அவங்க கேட்டதை அவங்களுக்குச் சொன்னீங்க. நான் அலமாரியைப் பார்க்கத்தான் வந்தேன்."

அவர் கை தளர்ந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

கூடத்தில் ஒரு பெண் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது இருக்கலாம். அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை. ரேடியோ அவளைப் பார்த்து, தன்னால் முடிந்தவரை அன்பாகச் சிரித்தான்.

"பயப்படாத பாப்பா. உங்க அம்மாதான் எங்களை அனுப்பினாங்க. உன்னை அவங்ககிட்டயே கூட்டிட்டுப் போயிடுவோம்."

புத்தகம் தரையில் விழுந்தது. அந்தப் பெண் எழுந்து, பின்னாலேயே நகர்ந்து, ஷோரூம்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் கை அவளுக்குக் குறுக்கே நீண்டது.

"அவ எங்கயும் வரமாட்டா" என்றார்.

"அதை அந்தப் பொண்ணு சொல்லட்டுமே" என்றான் ரேடியோ.

"வரல" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவு சின்னக் குரலை ரேடியோ கேட்டதில்லை. இந்த ஆள் பிள்ளையை எப்படி மிரட்டி வைத்திருக்கிறான் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குளியலறையில் பூட்டு இல்லை. உள்ளே அலமாரியும் இல்லை. வாஷ்பேசின் மட்டும் சுவரில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே, அலமாரி மறைத்திருந்த டைல்ஸ் மட்டும் புத்தம் புதிதாக மினுங்கியது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு இன்னொரு புத்தம் புது நீள்சதுரம். அங்கேயும் ஏதோ நின்றிருந்திருக்கிறது.

"ரெண்டு அலமாரியா?" என்றார் வக்கீலம்மா.

"பேசினுக்குக் கீழ ஒண்ணு. கதவுக்குப் பின்னால துண்டு, சோப்பெல்லாம் வைக்கிற உயரமான அலமாரி ஒண்ணு. அதுல பக்கவாட்டுல கண்ணாடி. காலையில கார்பெண்டர் ஷெட்டுக்குப் போயிடுச்சு. வெட்டிக் குப்பையில போடச் சொல்லிட்டேன்."

"பழசா?"

"போன வருஷம்தான் வாங்கினது. எங்க ஷோரூம்லயே."

"அப்படின்னா ஒண்ணு கேக்கறேன். எங்க வீட்லயும் இந்த மாதிரி மாட்டலாம்னு இருக்கேன். தண்ணியில தாங்குமா?"

ரேடியோ திரும்பிப் பார்த்தான். இழவு வீட்டில் இது என்ன கேள்வி? ஆனால் அந்த மனிதர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் மட்டும் பேசியது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன பாடம், யாரும் தள்ளாமலே உருண்டு வந்தது.

"பார்த்துக்கிட்டா தாங்கும். மேல இருக்கிறது லேமினேட். காகிதத்தை அடுக்கடுக்கா பசையில நனைச்சு, சூடா அழுத்தின தகடு. அது தண்ணியைக் குடிக்காது, கறை பிடிக்காது. எது கொட்டினாலும் ஈரத்துணியால ஒரு துடை, போயிடும். ரொம்பப் பிசுபிசுப்பா இருந்தா ரெண்டு சொட்டு சோப்பு. அவ்வளவுதான். உள்ள இருக்கிறது மரத்தூள் பலகை. அதுக்குத் தண்ணி ஆகாது. ஓரத்துல ஒட்டின பட்டை பிரிஞ்சுதுன்னா உள்ள ஈரம் இறங்கி ஊதிடும். ஊதினது திரும்ப வத்தாது. அதனால குளிச்சதும் ஓரத்தைக் காய்ஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும், கதவைத் திறந்து ஆவியை வெளிய விடணும். சூடானது எதையும் மேல வைக்கக் கூடாது. கம்பி நார் கூடாது, தேய்க்கிற பவுடர் கூடாது. ஆசிட்…"

அங்கே நின்றுவிட்டது.

"ஆசிட்?"

"படவே கூடாது" என்றார். பிறகு வாசலைக் காட்டினார். "கிளம்புங்க. தயவு செஞ்சு கிளம்புங்க."

படியில் இறங்கும்போது ரேடியோவால் அடக்க முடியவில்லை. "பார்த்தீங்களா மேடம்? பொண்டாட்டி செத்த இடத்துல நின்னுக்கிட்டு அலமாரிக்கு விளம்பரம் பண்றான்! கேட்டிருந்தா தவணையில கூட குடுத்திருப்பான்."

"ஆசிட்னு சொன்னதும் ஏன் நின்னாரு?"

"விளம்பர இடைவேளையா இருக்கும்."

"வண்டியை எடு. அந்தக் கார்பெண்டர் சுறுசுறுப்பான ஆளா இருந்தா நம்ம கதை முடிஞ்சுது."

*

கார்பெண்டர் சுறுசுறுப்பான ஆள்தான். ஷெட்டின் வாசலுக்கு வருவதற்கு முன்பே ரம்பம் அலறுவது தெருவில் கேட்டது. வக்கீலம்மா இறங்குவதற்குள் ரேடியோ உள்ளே ஓடி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"யாருய்யா நீ?" என்றார் கார்பெண்டர், தலையிலும் மீசையிலும் மரத்தூளோடு.

"ஸ்டாப் வந்துடுச்சு. ரெண்டு பேர் இறங்கணும்."

பேசின் அலமாரியின் ஒரு கதவு இரண்டு துண்டாகிக் கிடந்தது. மற்றபடி இரண்டு அலமாரிகளும் முழுசாகவே இருந்தன. நல்ல வேளை. வக்கீலம்மா தன் அடையாள அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும், கார்பெண்டர் ரம்பத்திலிருந்து தள்ளிப்போய் நின்றுகொண்டார். செத்தவள் தொட்ட சாமான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பேசின் அலமாரியின் அடிப்பக்கம் தண்ணீரில் ஊறி, டீயில் நனைத்த பிஸ்கட் போலப் புடைத்திருந்தது. மூலைகளைத் தடவிப் பார்த்தார் வக்கீலம்மா. சொல்லும்படி எதுவும் இல்லை. உயரமான அலமாரிக்குப் போனார். கருந்தேக்கு நிறம், மரத்தின் ரேகை அப்படியே அச்சடித்த பளபளப்பான லேமினேட். முன்பக்கத்தில், மூலையை ஒட்டி, ஒரு கை அகலத்துக்கு அந்தப் பளபளப்பு செத்துப்போய் வெளுத்திருந்தது. அதிலிருந்து கீழே நாலைந்து வெள்ளைக் கோடுகள் வழிந்து இறங்கியிருந்தன.

"ஆசிட்டு" என்றார் கார்பெண்டர் தூரத்திலிருந்தே. "கக்கூஸ் கழுவற ஆசிட்டை எவனோ இதுமேல ஊத்தித் தேச்சிருக்கான். மேல்தாள் வெந்துபோச்சு. இனி என்ன செஞ்சாலும் வராது."

"இவ்வளவு பெரிய வெள்ளை போலீஸ் கண்ணுக்குப் படலையா?" என்றான் ரேடியோ.

வக்கீலம்மா குடிநீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தார். வெளுத்த இடத்தில் ஒரு தடவை இழுத்தார். வெள்ளை மறைந்துபோனது. ஈரம் பட்ட இடம் மற்ற இடத்தோடு கலந்து, கருந்தேக்காக நின்றது.

"அன்னைக்கு அறை முழுக்க ஈரம். சுவர், கதவு, அலமாரி எல்லாம் நனைஞ்சு கிடந்திருக்கும். அதுவுமில்லாம, கதவைத் திறந்தா இது கதவுக்குப் பின்னால மறைஞ்சுடும். போலீஸ் போன அப்புறம் காய்ஞ்சிருக்கு, வெளுத்திருக்கு. பார்த்தது வீட்டுக்காரர் மட்டும்தான். நீ இதுகிட்ட முதுகைக் காட்டி நில்லு."

ரேடியோ நின்றான். வெளுத்த இடம் அவன் காதுக்கு நேராக வந்தது. செத்துப்போனவள் அவன் உயரம்தான். அக்காக்காரி கொடுத்த போட்டோவில், வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கி விழறவ தலை தரைப்பக்கம்தானே போகும் மேடம்? இவ்வளவு உயரத்துல எப்படி?"

"போகாது. நின்னுக்கிட்டு இருந்தவளைப் பிடிச்சுத் தள்ளினாத்தான் இங்க படும்."

வெளுத்த இடத்தை ஒட்டி ஓரப்பட்டை ஒரு நகம் அளவுக்குப் பிரிந்திருந்தது. வக்கீலம்மா அதற்குள் சாவியை நுழைத்து மெதுவாக நெம்பினார். பட்டை சத்தமில்லாமல் உரிந்து வந்தது. உள்ளே மரத்தூள் பலகை ஊதிக் கிடந்தது. ஊதிய இடத்தில் கறுப்பும் சிவப்புமாக ஓர் ஊறல்.

கார்பெண்டர் வெளியே போய்விட்டார். ரேடியோவுக்கும் போகலாம் போலிருந்தது.

"தகடு ஒரு சொட்டுகூட எடுத்துக்கல" என்றார் வக்கீலம்மா. "ஈரத்துணி போட்டு ஒரு துடை துடைச்சிருந்தா, இப்படி ஒரு இடம் இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பயம். ரத்தம்னா ஆசிட் போட்டாத்தான் போகும்னு நினைச்சுத் தேச்சிருக்காங்க. அதுதான் நமக்கு அடையாளம் காட்டியிருக்கு."

"தேச்சிருக்காங்க என்ன மேடம் மரியாதை? தேச்சிருக்கான்! அந்த ஷோரூம்காரனைப் போய் அள்ளிட்டு வந்துடலாம்."

"அவர் காலையில உன் முன்னாடிதானே பாடம் நடத்தினாரு?"

"நடத்தினாரு."

"ஈரத்துணி, ரெண்டு சொட்டு சோப்பு, ஆசிட் படவே கூடாது. உலகத்துல இந்த அலமாரியில ஆசிட் ஊத்தாத ஒரே ஆளு அவர்தான். எவ்வளவு பயத்துல இருந்தாலும் அவர் கை ஈரத்துணிக்குத்தான் போயிருக்கும்."

ரேடியோ குனிந்து அந்த வெள்ளைக் கோடுகளை மறுபடி பார்த்தான். "அப்போ எதுக்கு இதை வெட்டச் சொன்னாரு?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும். முதல்ல அந்த அக்காவுக்குப் போன் போடு. அலமாரி கிடைச்சிடுச்சு, வந்து பாருங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை ஒலிபரப்பாகக் கூடாது."

அவன் போன் பேசிவிட்டுத் திரும்பும்போது வக்கீலம்மாவும் தன் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசி முடித்திருந்தார். பேசின் அலமாரியை ஷெட்டின் நடுவில், வெளிச்சம் படும்படி இழுத்துப் போடச் சொன்னார். உயரமான அலமாரியைச் சுவரோரமாகக் குப்புறப் படுக்கவைத்து, மேலே இரண்டு சாக்கைப் போட்டு மூடச் சொன்னார். ரேடியோ செய்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கிற பதில் தனக்குப் பிடிக்காது என்று ஏனோ தோன்றியது.

*

அக்காக்காரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கிய வேகத்தில் உள்ளே வந்தாள்.

"கிடைச்சிடுச்சா? அவனைப் பிடிச்சாச்சா?"

"பாருங்க" என்றார் வக்கீலம்மா. எதை என்று காட்டவில்லை.

நடுவில் கிடந்த பேசின் அலமாரி அவள் வழியை மறித்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். சாக்கை இழுத்துப் போட்டாள். இடது கையால் அந்த உயரமான அலமாரியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இதை ஏன் கவுத்துப் போட்டிருக்கீங்க? திருப்புங்க. இந்தப் பக்கம்தான்…"

"எந்தப் பக்கம்மா?"

அவள் கை நின்றது.

"உங்க தங்கச்சி வாஷ்பேசின் அலமாரியில அடிபட்டு இறந்துட்டாங்கன்னு போலீஸ் எழுதியிருக்கு. சொந்தக்காரங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. துக்கத்துக்குப் போனப்போ பாத்ரூமுக்குள்ள விடவே இல்லன்னு நீங்களே சொன்னீங்க. அந்த வாஷ்பேசின் அலமாரி உங்க கால்ல இடிக்கிற மாதிரி நடுவுல கிடக்கு. அதை நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல."

"எதுவா இருந்தா என்ன? நான் வந்து…"

"கையைக் காட்டுங்க."

"கத்தி பட்டுச்சுன்னு சொன்னேனே."

"எங்க ஆபீஸ்ல வலது கையால எழுதினீங்க. அப்போ கத்தியையும் வலது கையிலதான் பிடிப்பீங்க. கத்தி தவறினா இடது கை விரல்லதான் படும். வலது கைக்காரங்க எப்படிம்மா வலது கையையே நறுக்கிக்கிறது?"

ரேடியோவுக்கு அலுவலகத்தில் தான் அடித்த ஜோக் ஞாபகம் வந்தது. உண்மைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அதைப் பார்க்காமல் சிரிப்புக் காட்டியிருக்கிறான்.

அவள் கையை மறைக்கப் பார்த்தாள். சாக்கில் உரசி ஒரு பிளாஸ்திரி பாதி கழன்று தொங்கியது. அதன் அடியில் வெட்டு எதுவும் இல்லை. விரல் நுனித் தோல் வெந்து, சுருங்கி, வெள்ளையாக உரிந்திருந்தது.

பிறகு அக்காக்காரி அந்த அலமாரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"நான் பெத்த பொண்ணு. நான் கேட்டா அனுப்ப வேண்டியதுதானே? அவன் வேலைக்கும், பொண்ணு ஸ்கூல், டியூஷனுக்கும் போனதும் போனேன். தங்கச்சி கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிக்கிட்டு இருந்தா. அனுப்ப மாட்டேன்னா. உன் பொண்ணு முதுகைப் பார்த்தேன்க்கா, கையைப் பார்த்தேன்க்கா, சத்தியமா அனுப்ப மாட்டேன்னா. எனக்கே பாடம் சொல்றா. பெத்தவ நான் அடிக்காம வேற யாரு அடிக்கிறது? அடிச்சாத்தான் பிள்ளை உருப்படும். பெத்திருந்தாத் தெரியும் அவளுக்கு."

ரேடியோவுக்கு அந்தப் பெண் ஞாபகம் வந்தது. புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை. தரையில் விழுந்த புத்தகம். உன்னை அம்மாகிட்டயே கூட்டிட்டுப் போயிடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்ன வாய் அவனுடையதுதான்.

"தள்ளினீங்க" என்றார் வக்கீலம்மா.

"கோபத்துல தள்ளினேன். சாகணும்னு தள்ளல."

"விழுந்ததுமே உயிர் போயிடுச்சா?"

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். ஷெட்டுக்கு வெளியே ஒரு லாரி போய்ச் சத்தம் அடங்கியது.

"அக்கான்னு கூப்பிட்டா" என்றாள். "ரெண்டு மூணு தடவை கூப்பிட்டா. வெளிய கேட்டுடப் போகுதேன்னு குழாயைத் திறந்துவிட்டேன்."

வக்கீலம்மா கண்ணை மூடித் திறந்தார். கோர்ட்டில் எத்தனையோ கொலைகாரர்களைக் குறுக்கு விசாரணை செய்தவர். அடுத்த கேள்வியை அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"போலீஸ் விபத்துன்னு மூடிட்டுப் போயாச்சு. நீங்க பேசாம இருந்திருந்தா இந்த ஜென்மத்துல யாரும் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டாங்க. எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?"

"அவன் ஜெயிலுக்குப் போனாத்தானே என் பொண்ணு என்கிட்ட வருவா?" என்றாள் அக்காக்காரி. இதுகூடப் புரியவில்லையா என்பது போலப் பார்த்தாள்.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. வக்கீலம்மா பேசிய போன் யாருக்கு என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் புரிந்தது.

*

சாயங்காலம் அவர்கள் மறுபடி அந்த வீட்டுப் படியேறினார்கள். வழியெல்லாம் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. வக்கீலம்மா இரண்டு தடவை அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

குழாயைத் திறந்துவிட்டதை மட்டும் விட்டுவிட்டு வக்கீலம்மா சொன்ன எல்லாவற்றையும் ஷோரூம்காரர் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அந்த வெள்ளையை நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றார். "போலீஸ் போன அப்புறம், அறை காய்ஞ்ச அப்புறம். பார்த்ததும் ஆசிட்னு தெரிஞ்சுது. அதுக்கு முந்தின வாரம்தான் அவளைத் திட்டினேன். முடியை நேராக்குற மெஷினைச் சூட்டோட பேசின் பலகை மேல வெச்சுட்டா. கொப்புளம் மாதிரி ஆயிடுச்சு. ஊருக்கெல்லாம் நான் பாடம் சொல்றேன், என் வீட்லயே இப்படியான்னு கத்தினேன். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. அதனால… என்ன நினைச்சேன்னா, அவ மறுபடி எதையோ கொட்டிட்டா, நான் கத்துவேனேன்னு பயந்து, தெரியாம ஆசிட் போட்டுத் தேச்சிருக்கா, அந்த ஈரத்துல கால் வழுக்கிடுச்சுன்னு. ஒரு பலகைக்காக நான்தான் அவளைக் கொன்னுட்டேன்னு நினைச்சேன். அதான் பூட்டினேன். இந்தப் பிள்ளை கண்ணுல படக் கூடாதுன்னு வெட்டச் சொன்னேன்."

"அந்த அலமாரிமேல ஆசிட் ஊத்தினது உங்க மனைவி இல்ல" என்றார் வக்கீலம்மா. "உங்க கோபத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

உள் அறையின் கதவோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அப்போ என்னாலதான்" என்றாள். "என்னை அனுப்பியிருந்தா சித்தி இருந்திருப்பாங்க."

ரேடியோ ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தான். அதற்குள் ஷோரூம்காரர் எழுந்துவிட்டார். ஈரமான முகத்தோடு அவள் முன்னால் போய் நின்றார்.

"இந்த நினைப்போட நான் இத்தனை நாள் இருந்து பார்த்துட்டேன்மா. சோறு இறங்காது, தூக்கம் வராது. உனக்கு அது வேண்டாம். உன்னை அனுப்பக் கூடாதுன்னு முடிவு பண்ணினது உன் சித்தி. அவ முடிவு பண்ணினா பண்ணினதுதான், என் பேச்சைக்கூடக் கேட்டதில்ல. அதைத் தப்புன்னு நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்."

அவள் அழவில்லை. ரேடியோவைத்தான் பார்த்தாள்.

"அம்மா உங்ககிட்டதானே சொன்னாங்க. சித்தி கடைசியா என்ன சொன்னாங்களாம்?"

வக்கீலம்மாவின் பார்வை தன் மேல் இருப்பது ரேடியோவுக்குத் தெரிந்தது.

"அனுப்ப மாட்டேன்னு சொன்னாங்களாம்" என்றான்.

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லலம்மா" என்றான் ரேடியோ.